சங்கு ஊதினால் எழுந்து போகிறவர்கள்

செவக்காட்டில் உயிரோடு இருக்கிற மனுஷனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. செத்தவனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லவும் ஆள் கிடைக்காது. இதை யார் ஏற்படுத்தினார்களோ, எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தனுடைய தோலை உரித்துக்கொண்டிருப்போம், அந்த ஒருத்தனே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் நகர்ந்து இடம் கொடுத்து, அவனையும் சேர்த்துக்கொண்டு அப்போதுதான் எழுந்து போனவனுடைய தோலை உரிப்போம். அதே ஆள் மூச்சடங்கி, வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, நெற்றியில் காசை ஒட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்றால் அந்த நிமிஷத்திலிருந்து அவன் தங்கம், அவனைப் போல உண்டா, ஈ எறும்புக்குத் துரோகம் நினைத்ததில்லை, யாரிடம் என்ன வாங்கினாலும் கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்து கொடுப்பான், இப்படியே பேசுவோம், பேசப் பேச எங்களுக்கே அழுகை வந்துவிடும், அந்த அழுகை பொய் கிடையாது. உயிரோடு இருந்தபோது திட்டித் தீர்த்ததற்கு அவனுக்குச் செய்கிற மரியாதையாக அது எங்களுக்குப் பட்டது. அதில் ஒரு தப்பும் இருந்ததாகத் தெரியவில்லை, மில்லில் புதிதாக ஆள் எடுக்கிற வரைக்கும்.

எங்கள் ஊரில் நூல் மில்லை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அந்த மில்லில் பஞ்சுக் குடோன் எரிந்தது. முதல்தரமான வேலைக்காரன் ஒருத்தன் ஒளிந்து பீடி குடித்தவன், ஆள் வருகிற சத்தம் கேட்டதும் அணைக்காமல் பஞ்சுக்குள் செருகிவிட்டு, புகை வந்தபோதும் வாயைத் திறக்காமல், பிறகு கேட்டபோதும் நான் இல்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு நின்றான். உள்ளே பஞ்சு பிரித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் வெளியே வரவில்லை. மில்லை இழுத்து மூடினார்கள். பெரிய முதலாளி அந்தத் துக்கத்திலேயே படுத்துப் போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன் திரும்பவும் மில்லைத் திறந்தபோது வாசலில் எங்களையெல்லாம் கூட்டிவைத்துக் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"வேலை தெரியலேன்னா நான் சொல்லிக் குடுத்துருவேன் அண்ணாச்சி. குணம் இல்லேன்னா அதை எங்க போய் வாங்குறது? எரிஞ்சவங்க உங்க வீட்டுப் பொம்பளைங்க. இனிமே கைவேலையும் வேணும், குணமும் வேணும். ரெண்டும் இருக்கிறவங்களுக்குத்தான் இந்த மில்லு."

அதில் நியாயம் இருந்தது. எரிந்தவர்களை நினைத்து எல்லோரும் தலையாட்டினோம். யார் யாருக்கு என்ன குணம் என்று விசாரிக்க லேபர் ஆபீசர் தாமோதரனை ஊருக்குள் அனுப்பினார்கள். கோடு போட்ட சட்டையும் வழித்து வாரின தலையுமாக, யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். அவர் டீக்கடையில் வந்து உட்கார்ந்து, இன்னார் மனுப் போட்டிருக்கிறார், ஆள் எப்படி என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்தது மாதிரி ஆகிவிட்டது. அவனா, பெற்ற தாய்க்குக் கஞ்சி ஊற்றாதவன். இவனா, அடுத்த வீட்டுக் கோழியை அடைகாக்கிறபோதே தூக்கினவன். சொள்ளமுத்து என்று ஒருத்தன், சைடு பார்ப்பதில், அதாவது மிஷினில் ஒரு பக்கத்து நூல் கதிர்களைக் கவனிப்பதில், அவனை மிஞ்ச ஆள் கிடையாது, ஓடுகிற கதிரில் இழை அறுந்தால் அறுந்தது தெரிவதற்குள் விரல் போய் ஒட்டிவிட்டு வந்திருக்கும், அவனைப் பற்றிக் கேட்டபோது சொந்தத் தாய்மாமன் கருத்தப்பாண்டியே, "வேலைக்காரன்தான். ஆனா கோயில் கொடையில கறிப் பங்குக்காகச் சாமி முன்னாடி என் சட்டையப் பிடிச்சவன். முன்கோபி. சைக்கிள் பம்பு வாங்கிட்டுப் போனான், டயரு போய் சைக்கிளும் போச்சு, பம்பு வரலை" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

ஆபீசர் தாமோதரன் தெருத் தெருவாகப் போனார், குணமுள்ள ஆள் ஒருத்தர்கூட எங்கள் ஊரில் தட்டுப்படவில்லை. மிஷின்கள் எண்ணெய் போட்டபடி நின்றன. எங்கள் அடுப்புகளும் நின்றன.

அந்தச் சமயத்தில்தான் இருளப்பன் செத்தார். பழைய மில் தொழிலாளி. குடித்துவிட்டுப் பெண்டாட்டி மாடத்தியை மண்டை உடைய அடித்தவர், மில்லிலிருந்து நூலை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து விற்றவர், ஊரில் அவரிடம் அடிவாங்காத வயசுக்காரன் குறைவு. ஆனால் செத்துவிட்டாரே. சேரைப் போட்டு வரிசையாக உட்கார்ந்தோம், ஒப்பாரிக்குச் சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அந்தம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் கை வைத்ததும் தெருவே கலங்கிப்போனது. மாடத்திகூட, மண்டைத் தழும்போடு, என் ராசா, பூவாட்டம் வச்சிருந்தியே என்று விழுந்து அழுதாள். துக்கம் கேட்க வந்த ஆபீசர் தாமோதரன் கடைசிச் சேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு ஆள் இருந்திருக்காரு, ஏன் எங்ககிட்ட மனுப் போடலை?" என்றார்.

பாடையைத் தூக்கிக்கொண்டு கொட்டுச் சத்தத்தோடு மில் வாசலைத் தாண்டும்போது மதியச் சங்கு ஊதியது. இருளப்பன் எழுந்து உட்கார்ந்தார். கால் விரல் கட்டை அவிழ்த்தார், பாடையிலிருந்து இறங்கினார், மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்தார், மில்லுக்குள் போனார். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டான். ஆபீசர் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது நூல் சுற்றுகிற ரிங் பிரேம் மிஷினில் நின்று இழை ஒட்டிக்கொண்டிருந்தாராம். கொட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, பிறகு பேசின கூலிக்கு அடிக்கவேண்டுமே என்று காலிப் பாடைக்குப் பின்னால் சுடுகாடுவரை அடித்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு இருந்த ஒரே குழப்பம், திரும்பிவந்து தலைக்குக் குளிக்கவேண்டுமா வேண்டாமா என்பதுதான். எதற்கு வம்பு என்று குளித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஊரில் சாவு விழுந்தால் பாடை மில் வாசலில்தான் நின்றது. ஆபீசர் தாமோதரன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சீனியம்மாள் பாடுகிறதையும் பங்காளிகள் சொல்கிறதையும் கேட்டுக்கொள்வார், நல்ல குணம் என்று தெரிந்ததும் தலையை அசைப்பார், தெரியாமல் எப்படிப் போகும், சங்கு ஊதும், செத்தவர் எழுந்து போவார். கைவேலை தெரியாதவர்களைச் சின்ன முதலாளி சொன்னபடியே பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்கள், செத்தவர்கள் சீக்கிரம் படித்துக்கொண்டார்கள், பராக்குப் பார்க்கிறது இல்லையே. டீ வேண்டாம், பீடி வேண்டாம், ஒதுங்குகிற வேலை இல்லை, லீவு இல்லை, ஒருத்தரை ஒருத்தர் கோள் சொல்லவில்லை, ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. சம்பளம் மட்டும் மாசம் தவறாமல் வீட்டுக்கு வந்தது. சின்ன முதலாளி வெளியூரிலிருந்து வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டி, "குணம்னா இது" என்பார்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. தாலியை அறுக்கலாமா கூடாதா என்று மாடத்தி விஷயத்தில் கூட்டம் போட்டு, அறுத்துவிடலாம், ஆனால் சம்பளம் வருகிறவரை பூ வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். ரேஷன் கடைக்காரர், வேலைக்குப் போனால் என்ன, சாப்பிடுகிறது இல்லையே என்று கார்டில் பெயரை அடித்துவிட்டார். சீனியம்மாள் வீட்டுக்குத் தேங்காயும் வெற்றிலையும் முன்கூட்டியே போக ஆரம்பித்தன. சம்பந்தம் பேசுகிற இடத்தில், மாப்பிள்ளை வீட்டில் செத்தவர் எத்தனை பேர் மில்லில் இருக்கிறார்கள் என்று பொண்ணு வீட்டார் கேட்டார்கள். பிறகு, சொல்லவே நா கூசுகிறது, ஒரு வீட்டில் கிழவருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறதில் ஒரு தாமசம் வந்தது. "பாப்போம், நாளைக்குப் பாப்போம்" என்பார்கள். "ரிங் பிரேம்ல இப்பவே எடம் இருக்காம், அப்புறம் பஞ்சு ஒடைக்கிற எடத்துலதானாம்" என்று கிழவர் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். கிழவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

உயிரோடு இருந்தவர்களுக்கு வேலை இல்லை. அதிலும் வீட்டில் செத்தவர் இல்லாதவர்கள் பாடு நாய் படாத பாடு. சொள்ளமுத்துவுக்கு அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள், இருந்தது அவனும் பெண்டாட்டி குருவம்மாளும்தான். காட்டுக் கீரையை வேகவைத்துத் தின்று பார்த்தார்கள், குருவம்மாள் விறகு பொறுக்கி விற்றுப் பார்த்தாள். அவன் மில் சுவரோரம் குத்தவைத்து உள்ளே ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பான். பசியைவிட அவனுக்கு அந்தச் சத்தம்தான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நாள் சொன்னான்:

"நான் செத்துப் பாக்கலாம்னு இருக்கேன்."

"செத்துப் பாக்குறதா? சட்டையா அது, போட்டுப் பாத்துட்டுக் கழட்டுறதுக்கு?"

"நெசமா இல்லடி. சும்மா படுத்துக்கிடுவேன். மூக்குல பஞ்ச வச்சுக் கட்டிரு. சங்கு ஊதினதும் எந்திரிச்சு உள்ள போயிருவேன். நாலு மாசச் சம்பளத்தை நீ வாங்கு. அப்புறம் வாயத் தெறந்து, நான் உசுரோடதான்யா இருக்கேன்னு சொன்னா வெரட்டி விட்டுறப் போறான். அவ்வளவுதான்."

"சிரிச்சிட்டேன்னா?"

"எங்க மாமன் வந்து அழுவாரே, அப்ப மட்டுந்தான் பயம்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கிற ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குருவம்மாள் தெருவில் வந்து விழுந்து அழுதாள்; பசி வயிற்றோடு அழுததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கருத்தப்பாண்டி ஓடிவந்து பிணத்தின் காலைக் கட்டிக்கொண்டு, "மருமகனே, எதுத்து ஒரு வார்த்தை பேசியிருப்பியாய்யா, என் சைக்கிளுக்கு நீதானய்யா காத்தடிச்சுக் குடுப்பே" என்று கதறினார். சீனியம்மாள் எடுத்தாள்:

*"கேட்டவங்க கை நெறைய*
*கேக்காமக் குடுத்த கையி,*
*கோவமின்னா என்னான்னு*
*கொண்டவளக் கேட்ட ராசா…"*

தாடையைச் சேர்த்துக் கட்டின துணிக்குள் சொள்ளமுத்துவின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறான் என்று குருவம்மாள் குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை அவன். மூடின கண்ணோரம் ஈரமாக இருந்தது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவன் கேட்டதில்லை, இவ்வளவு பேர் தன்மேல் பிரியமாக இருந்ததே தெரியாமல் போயிற்றே என்று அவன் உருகிக்கொண்டிருந்தான். அந்த உருக்கம்தான் அவனுக்குக் காலனாக வந்தது. சங்கு ஊதி எழுந்து மில்லுக்குள் நடந்தபோது, ஊர் தன்னைப் பற்றிச் சொன்ன அந்த மனுஷனாகவே இருந்துவிடவேண்டும் என்ற நினைப்போடு நடந்தான்.

மில்லின் பின்பக்கம் ஓடையோரத்தில் கம்பிவலை போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. வலையில் ஒரு மூலை கிழிந்திருந்தது. ஆள் நடமாட்டம் ஓய்ந்த மத்தியானத்தில் குருவம்மாள் சம்பளம் வரும் என்று சொல்லிக் கடன் வாங்கின அரிசியைப் பொங்கி உருட்டிக்கொண்டு போய் அந்த ஓட்டை வழியாக நீட்டுவாள். முதலில் அவன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வாங்கித் தின்றான், மேஸ்திரி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே, "புளி ஊத்தலையா?" என்றான். பிறகு சிமிட்டுவது நின்றது. பிறகு பேச்சு குறைந்தது. ஒரு நாள் உருண்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே நின்றவன், உதடு அசையாமல், "இருளப்பண்ணன் பாக்குறாரு" என்றான்.

"பாத்தா பாக்கட்டும். தின்னு."

"ஒண்ணும் சொல்லலை அவரு. அவரு திங்காம நிக்காரு, எல்லாரும் நிக்காங்க. நான் மட்டும் எப்படிடி மெல்லுறது? சத்தம் கேக்குது."

அந்த ஜன்னலில் அவன் பேசின கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த நாள் வைத்த உருண்டை ஜன்னல் கட்டையில் அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்தது. அவன் முகத்தில் பஞ்சு படிந்தது, புருவத்தில் படிந்தது, கண் இமையில் படிந்தது, அவன் தட்டிவிடவில்லை. கதிருக்கும் கதிருக்கும் நடுவே அவன் விரல் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. பேசின மாசக் கெடு வந்து தாண்டியும் போயிற்று. "ஏய்யா, போதும், வாயத் தெற" என்று அவள் வலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டதற்கு அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் ஆபீசர் தாமோதரனிடம் போனாள்.

"அய்யா, எங்க வீட்டுக்காரர் சாகலை. உசுரோடதான் உள்ள வந்தாரு. நாங்கதான் பொய் சொல்லிட்டோம். பட்டினியாக் கெடக்காரு. வெளிய விடுங்க."

அவர் எழுந்து நின்று, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எல்லா வீட்டுக்காரம்மாவும் வந்து இதைத்தாம்மா சொல்றாங்க. சாகலை, சாகலைன்னு. மனசு ஆறுறதுக்கு நாளாகும்."

"இல்லய்யா, இது நெசம்."

"நெசம்னுதான் அவங்களும் சொல்றாங்க. நல்ல குணமுள்ள ஆளை நான் எப்படிம்மா வெளிய அனுப்புறது? முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல? நடத்தை சரியில்லைன்னு ஊருக்குள்ள நாலு பேரு வந்து சொல்லட்டும், அந்த நிமிஷமே அனுப்பிருவேன்."

நாலு பேர்தானே, நம் ஊரில் அதற்கா பஞ்சம் என்று ஓடிவந்தாள். டீக்கடையில் போய் நின்று, என் புருஷனைப் பற்றி முன்னால் பேசினதையெல்லாம் வந்து ஆபீசரிடம் பேசுங்கள் என்று கும்பிட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கருத்தப்பாண்டி காதைப் பொத்திக்கொண்டார்.

"செத்தவனப் பத்தி என் வாயால எப்படித்தா சொல்லுவேன்?"

"அவரு சாகலை பெரியப்பா."

"காலக் கட்டிக்கிட்டு அழுதவன்ட்ட வந்து சாகலைங்கிறியே."

"சட்டையப் பிடிச்சாருன்னு சொன்னீகளே. பம்பு வாங்கிட்டுக் குடுக்கலைன்னு சொன்னீகளே."

"பம்பு வீட்லதான் இருந்துச்சு தாயி. பாத்துட்டேன்" என்றார் கருத்தப்பாண்டி. அது பொய்.

சீனியம்மாள்தான் உள்ளதைச் சொன்னாள். "அத்தை, நீங்க ஒரு வரி மாத்திப் பாடுங்க" என்று காலில் விழுந்த குருவம்மாளைத் தூக்கி நிறுத்தி, "ஒன் புருஷனுக்குப் பாடினது பொய்னு நான் சொன்னா, மத்த எல்லாத்துக்கும் பாடினது என்னன்னு கேப்பான்ல? இருளப்பன அனுப்புவான், எல்லாரையும் அனுப்புவான். இந்தத் தெருவுல எத்தனை அடுப்பு எரியுதுன்னு பாத்துட்டு வா. எம் மகனும் அங்கதான் இருக்கான். போ தாயி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷிப்டு மாறுகிற நேரத்துக்குக் குருவம்மாள் மில் வாசலில் போய்த் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். ஆபீசர் காதில் விழும்படியாக அவளே எடுத்தாள், அதே ஒப்பாரி ராகம்தான்:

*"வாங்கினத மறந்த கையி*
*வாசப்படி ஒதைச்ச காலு,*
*தூங்கையில கொறட்டை விட்டே*
*தூக்கத்தையும் பறிச்ச பாவி…"*

ஊர் கூடிவிட்டது. கேட்கக்கூடாததைக் கேட்ட மாதிரி எல்லோரும் திகைத்து நின்றோம், அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் பயம் பிடித்தது, உள்ளே இருக்கிற நம் ஆட்கள் பெயரும் கெட்டுவிடுமே என்ற பயம். ஒருத்தர் "சொள்ளமுத்து தங்கமானவன்!" என்று சத்தம் போட்டார். இன்னொருத்தர் "எங்க அய்யா அதைவிடத் தங்கம்!" என்றார். பிறகு வாசல் முழுக்க ஒரே கூச்சலாகிவிட்டது, செத்த ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லி உத்தமர் உத்தமர் என்று கத்தினோம், தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினோம், அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு பொம்பளை தன் புருஷனைத் திட்டுகிற குரல் அமுங்கி அமுங்கி மேலே வந்தது.

ஆபீசர் தாமோதரன் கையமர்த்தினார். புகார் என்று ஒன்று வந்துவிட்டால் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதுதான் முறை என்று சொல்லிச் சொள்ளமுத்துவை வாசலுக்கு அழைத்துவந்தார். அவன் வந்து நின்றான். வெயிலில் பார்க்கும்போது பஞ்சில் செய்து நிறுத்தின ஆள் மாதிரி இருந்தான். குருவம்மாள் நெருங்கிப்போய் அவன் முகத்துக்கு நேரே வைதாள். பொய்யன் என்றாள், பெற்றவர்களைப் பார்க்காதவன் என்றாள், இன்னொருத்தியோடு போனவன் என்று நடக்காததையும் சேர்த்துச் சொன்னாள், எங்களால் கேட்க முடியவில்லை. அவன் அப்படியே நின்றான்.

"பாத்தீங்களாம்மா" என்றார் ஆபீசர். "இவ்வளவு பேச்சுக்கும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. இப்படி ஒரு ஆளைப் போய்க் குணமில்லைன்னு சொல்றீங்களே. இவரை மேஸ்திரியாவே போடலாம்னு நான் எழுதப் போறேன்."

கூட்டம் கைதட்டியது. சொள்ளமுத்து உள்ளே போகத் திரும்பினான். குருவம்மாளுக்கு இனிச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவளுக்கு யோசனையும் இல்லை, தந்திரமும் இல்லை, கோபம்தான் இருந்தது, பொங்கின சோற்றை எறும்புக்கு விட்டானே என்கிற கோபம். அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள்:

"போடா! போ! வேலை தெரியாத பய! ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், ஒன் சைடுல இழை அறுந்து அறுந்து தொங்குது! ஒட்டத் தெரியாம முழிக்க! நீயெல்லாம் ஒரு சைடரு!"

அவன் நின்றான். தோள் அசைந்தது. திரும்பினான். வாய் திறந்தது, முதலில் பஞ்சு வந்தது, கொத்தாகப் பஞ்சைத் துப்பினான், அப்புறம் கரகரவென்று குரல் வந்தது:

"யாரப் பாத்துடி சொல்லுத? எவன் சைடுல இழை அறுந்துச்சு? நாக்க இழுத்து அறுத்துருவேன். உள்ள வந்து பாருடி, எவன் சைடுல அறுந்துச்சுன்னு!"

ஆபீசர் தாமோதரன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பொம்பளையை வேலை எடத்துல வச்சு இப்படியா பேசுறது? நடத்தை சரியில்லையே" என்றார். வாட்ச்மேன் கதவைச் சாத்தினான். சொள்ளமுத்து வெளியே நின்றான்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வெந்நீரில் குளிப்பாட்டி நீராகாரம் கொடுத்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் இருமி இருமிப் பஞ்சாகத் துப்பினான். அக்கம்பக்கத்தார் வாசல் மறைத்து நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தரும் உள்ளே வரவில்லை. சாயங்காலம் போல அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவளிடம் சொன்னான்:

"என்னை மாதிரி வந்தவங்க உள்ள இன்னும் இருக்காங்கடி."

"யாரு?"

"யாருன்னு எப்படிச் சொல்ல? எல்லாரும் ஒண்ணு மாதிரிதான் நிக்கோம். மொதல்ல நான் போனப்ப, மிஷினு நிக்கிற நேரத்துல, அங்கொண்ணு இங்கொண்ணா எச்சி முழுங்குற சத்தம் கேக்கும். சரி, நம்மள மாதிரி ஆளு இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன்."

"இப்ப?"

அவன் இருமி இன்னும் கொஞ்சம் பஞ்சைத் துப்பினான். இந்தப் பேச்சு வாசலில் நின்றவர்கள் காதில் விழுந்து, தண்ணீர்க் குழாயடிக்குப் போய், விளக்கு வைப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. எந்த வீட்டில் யார் யாரைப் பஞ்சு வைத்துக் கட்டிப் படுக்கப்போட்டார்கள் என்று அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அப்போதும் கேட்கவில்லை. ஆனால் விடிந்ததும் பொம்பளைகளெல்லாம் மில் வாசலில் இருந்தார்கள்.

குருவம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள், எப்படிச் சொன்னாய், எந்த வார்த்தையில் சொன்னாய், ஒரு தடவை சொல்லிக்காட்டு என்று. அவள் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார்கள். ஏ வேலை தெரியாதவனே. ஏ இழை ஒட்டத் தெரியாத சோம்பேறி. உன் சைடு கந்தலாக் கெடக்குய்யா. எவன் உன்னை வேலைக்குச் சேத்தான். சீனியம்மாளும் வந்திருந்தாள், ஊர் முழுக்கப் பிணத்துக்குப் பாடின அந்தத் தொண்டையால், ஏலே தறுதலை, ஒன் கதிரெல்லாம் நிக்குதுலே, வந்து எனக்குப் பதில் சொல்லுலே என்று மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள், ஆம்பிளைகள், எதிர்ச் சாரியில் நின்றுகொண்டு யாராவது ஒருத்தர் உள்ளேயிருந்து வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லமாட்டார்களா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இருளப்பன் மூச்சடங்கினதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் மாடத்தி, அவளும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்று, குனிந்த தலை நிமிராமல், உனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, ஒண்ணும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆபீசர் தாமோதரன் வெளியே வந்தார். குணத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, வேலையைப் பற்றித்தான் புகார் என்று அவருக்குப் புரிந்தது. கைவேலையும் முக்கியம் என்று முதலாளி சொல்லியிருக்கிறாரே, அதனால் இழை அறுந்த சைடுக்காரனை வெளியே அனுப்பிவிடலாம் என்று சொல்லி, உள்ளே போய் எல்லாருடைய சைடையும் பார்த்துவிட்டு வரும்படி மேஸ்திரியை அனுப்பினார். மேஸ்திரி போய், வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டுக் கம்பிக் கதவுக்கு வந்தார். பொம்பளைகள் கத்துவதை நிறுத்தினார்கள். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒரே சீராக.

"எல்லாம் சுத்தமா ஓடுது" என்றார் மேஸ்திரி. "ஒரு எடத்துலகூட அறுக்கலை."

மாடத்தி முன்னால் வந்து, கம்பிக்கு உள்ளே கையை நுழைத்து மேஸ்திரியின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்காப் பாருங்கய்யா" என்றாள். "ஒரே ஒரு இழை அறுந்திருக்கும். நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."